அறுநூறு ‘இல்லை’களும் ரஞ்சிதமும்

ஜூன் 3, திங்கள்

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே நாட்குறிப்பு எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். நான்கு வருடம் தள்ளிப் போய்விட்டது. இப்போது வேளை வந்ததற்குக் காரணம், வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. என் மனைவி ரஞ்சிதம் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை மதுரையில் என்னுடைய ‘அலுவலகக் கடிதங்கள் நூறு’ புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. எலுமிச்சை சாதம் கொண்டுபோன நாலடுக்குக் கேரியரின் மேல் மூடியை நான் மண்டபத்திலேயே தவற விட்டுவிட்டேன். அவள் அப்பா சீராகக் கொடுத்த கேரியர். மூடியில் அவள் பேர் வெட்டியிருக்கும். திருமங்கலம் வரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். ஒரு மூடிக்கு இவ்வளவு கோபம்.

மற்றபடி விழா பிரமாதம். நன்றியுரை மட்டும் நான் பதினேழு நிமிடம் பேசினேன். ஒருத்தரையும் விடவில்லை. மைக் செட்காரர், வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்தவர், அன்று மின்சாரத்தை நிறுத்தாத மின்வாரியம் வரை நன்றி சொல்லிவிட்டேன். நன்றி மறப்பது எனக்குப் பிடிக்காது.

காலையில் பதிப்பாளர் மணவாளன் வந்தார். அடுத்த புத்தகம் வேண்டுமாம். ஆங்கிலத்தில் அன், இன், இம், இல், இர், டிஸ் என்று முன்னால் ஒட்டிக்கொண்டு ‘இல்லை’ என்று பொருள் தரும் சொற்கள் அறுநூறு. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் ஆங்கிலத்தில், அதன் கீழே தமிழில். இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுத்தால் பள்ளிகள் சூடு பிடிக்கும்போது கடைக்கு வந்துவிடும் என்றார்.

“பொருள்ல சிரமமே இல்ல சார். ஒட்டு வந்தா ‘இல்லாத’ன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க” என்றார்.

முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் எடுத்தவனிடம் சொல்கிறார். சரி என்றேன்.

எங்கள் வேலைமுறை எப்போதும் ஒன்றுதான். பழைய வினாத்தாள்களின் முதுகில் நான் எழுதுவேன். சாப்பாட்டு மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ரஞ்சிதம் அடிப்பாள். அச்செடுத்துத் தருவாள். நான் சிவப்பு மையில் திருத்துவேன். அவள் இருபது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தவள். ஹையர் கிரேடு, இரண்டு மொழியிலும் முதல் வகுப்பு. பேசாவிட்டால் என்ன, விரல் வேலை செய்யும் அல்லவா.

ஜூன் 5, புதன்

‘அன்’ ஆரம்பித்துவிட்டேன். பொருள் எழுதுவது சுலபம். வாக்கியம்தான் உயிரை எடுக்கிறது. ராமன் பந்து எறிந்தான், சீதா பூப் பறித்தாள் என்று எத்தனைதான் எழுதுவது. முப்பது சொல்லுக்குள் ராமனுக்கும் சீதாவுக்கும் வேலை தீர்ந்துவிட்டது. அதனால் வீட்டில் கண்ணில் பட்டதை வைத்து எழுதுகிறேன்.

அன்சால்டட்: உப்பிடாத. எடுத்துக்காட்டு: இன்றைய சாம்பார் உப்பிடாதது.

ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

ஜூன் 6, வியாழன்

இன்றைய சாம்பாரைக் கடலில்தான் வைத்திருக்கிறாள். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

பேச்சு இல்லையே தவிர வீடு ஊமையாக இல்லை. தட்டு வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. ‘டக்’ என்றால் இட்லி. ‘டங்’ என்றால் உப்புமா. டம்ளர் உருண்டால் நேற்று நான் கழற்றிப் போட்ட சட்டை இன்னும் நாற்காலியிலேயே கிடக்கிறது என்று அர்த்தம்.

அவசரச் செய்தி எல்லாம் பால்காரி முத்துப்பேச்சி வழியாகப் போகிறது. காலையில் வாசலில் இருவரும் நிற்கிறோம். இடையில் நாலு அடிதான்.

“முத்துப்பேச்சி, கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேளு” என்றேன்.

“முத்துப்பேச்சி, புதன்கிழமையே பண்ணியாச்சுன்னு சொல்லு.”

முத்துப்பேச்சி இரண்டு பேரையும் பார்த்தாள். “நான் பால் மட்டுந்தேன் ஊத்துறேன். இதுக்கெல்லாம் தனியா ஆள் வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்துப் போய்விட்டாள்.

ஜூன் 8, சனி

அடித்து வந்த தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது.

நான் எழுதியது, அன்கிரேட்ஃபுல்: நன்றி மறந்த. எடுத்துக்காட்டு: அந்தப் பூனை நன்றி மறந்தது.

தாளில் இருந்தது: அந்த ஆங்கில ஆசிரியர் நன்றி மறந்தவர்.

கை தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பூனை எப்படிக் கை தவறி ஆங்கில ஆசிரியர் ஆகும்? சிவப்பு மையில் அடித்துப் ‘பூனை’ என்று எழுதி மேசையில் வைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தது. ஆங்கில ஆசிரியர் அப்படியே இருந்தார். பூனைக்கு என்று தனியாக ஒரு சொல் சேர்த்திருந்தாள். அன்இன்வைட்டட்: அழைக்காத. எடுத்துக்காட்டு: அழைக்காமல் வந்தாலும் பூனை நன்றி உள்ளது.

அந்தச் சொல் என் பட்டியலில் இல்லை. நல்ல சொல். விட்டு வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

நானும் மனிதன்தானே. இன்று எழுதிவிட்டேன்.

அன்ரீசனபிள்: நியாயமற்ற. எடுத்துக்காட்டு: ஒரு மூடிக்காக ஒன்பது நாள் பேசாமல் இருப்பது நியாயமற்றது.

நன்றாக இருந்தது. எழுதிய பிறகு இரண்டு முறை வாசித்தேன்.

இன்று தண்ணீர் வரும் முறை. நான்கு நாளைக்கு ஒரு தடவை வருகிறது, அதுவும் ஒன்றரை மணி நேரம். குடம் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. வழக்கமாக “இடுப்பு போயிரும், வைங்க” என்று ஒரு குரல் வரும். வரவில்லை. பதினான்கு குடமும் தூக்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

என் வாக்கியத்தை ஒரு புள்ளி பிசகாமல் அடித்திருக்கிறாள். அதற்குக் கீழே ‘இன்’ பகுதி ஆரம்பிக்கிறது. முதல் சொல்லை அவளே சேர்த்திருக்கிறாள்.

இன்கரெக்ட்: தவறான. எடுத்துக்காட்டு: மூடிக்காக என்று நினைப்பது தவறானது.

வெகு நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி இல்லையா? அப்படியானால் என்ன?

ஜூன் 12, புதன்

யோசித்துப் பார்த்தேன். அவள் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பாயசத்தில் முந்திரி தேட வேண்டியிருந்தது என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதுவாகத்தான் இருக்கும்.

இன்சென்சிட்டிவ்: பிறர் மனம் அறியாத. எடுத்துக்காட்டு: பாயசத்தைக் குறை சொன்னவர் பிறர் மனம் அறியாதவர்.

இது மன்னிப்பு என்று யாருக்கும் புரியும்.

ஜூன் 13, வியாழன்

பதில் வந்தது. இன்அக்யுரேட்: பிசகான. எடுத்துக்காட்டு: பாயசம் என்ற கணிப்பும் பிசகானது, ஆனால் அதையும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

ஜூன் 14, வெள்ளி

இது ஒரு தேர்வு மாதிரி ஆகிவிட்டது. நான் வேளைக்கு ஒரு ஊகம் எழுதுகிறேன், அவள் தப்பு என்கிறாள். ஒரு சொல்லை இரண்டு முறை போடக்கூடாது என்பது புத்தகத்தின் விதி. அதனால் ஒவ்வொரு தடவையும் தப்பு என்று சொல்ல அவள் புதிதாக ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இதுவரை வந்தவை அன்ட்ரூ, இன்கரெக்ட், இன்அக்யுரேட், இம்ப்ராபபிள். இன்று அவள் பிறந்தநாளுக்கு நான் பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்ததுதான் காரணமோ என்று எழுதினேன். இர்ரெலவன்ட் என்று வந்தது. சம்பந்தமில்லாதது.

எனக்குத் தெரியாமல் என் பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. நான் எழுதியதை மட்டும் எண்ணினால் ஐந்நூற்று நாற்பதைத் தாண்டாது. அவள் சேர்ப்பதை அடித்தால் அறுநூறு வராது. எதையும் அடிக்கவில்லை. புத்தகத்தின் நன்மைக்காகத்தான்.

இன்னொன்று. இன்வேல்யுபிள் என்ற சொல்லுக்கு ‘மதிப்பில்லாத’ என்று எழுதிவிட்டேன். மணவாளன் சொன்னபடி ஒட்டு வந்ததும் கை தானாக ‘இல்லாத’ போட்டுவிட்டது. அவள் அதை அடித்து ‘மதிப்பிட முடியாத, அவ்வளவு உயர்ந்த’ என்று திருத்தியிருந்தாள். பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக். என் மாணவர்களுக்கு நான் போடுவது மாதிரியே. இந்த மாதிரி எத்தனை பிழைகளை எத்தனை புத்தகத்தில் சத்தமில்லாமல் திருத்தியிருப்பாள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பசியில் எழுதிய பிழை அது. மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஃப்ரிட்ஜின் மேல் காந்தத்தில் ஒரு தாள் தொங்குகிறது. ஓசூருக்கு பஸ் டிக்கெட். எங்கள் மகள் எழில் அங்கேதான் இருக்கிறாள். ஜூன் 29, சனி, பிற்பகல் இரண்டு மணி. ஒரு நபர். திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.

போகட்டும். எனக்கும் நிம்மதி. இஷ்டத்துக்கு எழுந்து இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருந்தேன். பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது.

ஜூன் 17, திங்கள்

பாத்திரம் தேய்த்தேன். பால் அடிப்பிடித்தால் போகவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

எழிலுக்குப் போன் செய்தேன். விஷயம் எதுவும் இல்லை, சும்மாதான்.

“அப்பா, சும்மாவா? உங்களுக்கு அம்மாகிட்ட பேசணும். அதுக்கு எனக்குப் போன் பண்றீங்க.”

“அப்படியெல்லாம் இல்ல. அங்க குளிரா இருக்கா? அம்மாவுக்குச் சேராது.”

“அம்மா ஸ்வெட்டர் எடுத்து வச்சாச்சாம்.”

ஸ்வெட்டரா? அது பரண் மேல் இருக்கிறது. யார் ஏறி எடுத்துக் கொடுத்தது? பிறகு கேட்டுவிட்டேன்.

“அம்மாவுக்கு என்மேல என்ன கோபம்?”

“நான் சொல்லக்கூடாதாம். நீங்களே கண்டுபிடிக்கணுமாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த விழாவை நான் வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பிச்சேன்ல? அதைப் போட்டுப் பாருங்க. உங்களைப் பாக்காம பாருங்க.”

ஜூன் 19, புதன்

பார்த்தேன். என் குரல் நன்றாகவே இருக்கிறது. சட்டைக் காலர் மட்டும் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் எப்படிப் பார்ப்பது? பேசுகிறவன் நான்தானே.

ஜூன் 20, வியாழன்

மறுபடி பார்த்தேன். இந்த முறை என் முகத்தின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

எழில் மேடைப் படிக்கட்டின் ஓரத்தில் நின்று எடுத்திருக்கிறாள். என் தோளுக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை தெரிகிறது. ரஞ்சிதம் உட்கார்ந்திருக்கிறாள். கடுகு நிறச் சுங்குடிச் சேலை, புதுசு. அது புதுசு என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மடியில் கைப்பை. நான் ஒவ்வொருவராக நன்றி சொல்லச் சொல்ல எல்லோருக்கும் சேர்த்துக் கை தட்டுகிறாள். செருப்பு டோக்கன்காரருக்குக்கூட.

பதினாறாவது நிமிடம் நான் சொல்கிறேன். “இறுதியாக ஒருவர். அவர் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை. இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைத்தவர். நம் கண்ணில் படாதவர்.”

ரஞ்சிதம் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைக்கிறாள். முந்தானையைச் சரி செய்துகொள்கிறாள். எழுந்திருக்கத் தயாராகிறாள்.

நான் சொல்கிறேன். “எங்கள் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துத் தந்த தம்பி பூமிநாதன்.”

கைதட்டல். பூமிநாதன் எழுந்து கும்பிடுகிறான். ரஞ்சிதம் கைப்பையை எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொள்கிறாள். அவனுக்கும் கை தட்டுகிறாள்.

எதற்குக் கைப்பையை எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 21, வெள்ளி

வெட்கமாக இருக்கிறது. வேறெதுவும் எழுத வரவில்லை.

ஜூன் 22, சனி

நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அடுக்களைக்குப் போனேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அவள் கத்தியை நிறுத்தினாள். அவ்வளவு அமைதியாக அவள் காத்துக்கொண்டிருந்தது எனக்குக் கை கால் ஓடாமல் செய்துவிட்டது.

“வெண்டைக்காயா?” என்றேன்.

கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது. வெளியே வந்துவிட்டேன். ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் பேசுகிறவன் நான்.

ஜூன் 23, ஞாயிறு

எனக்கு எழுத வரும். எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இன்விசிபிள்: கண்ணுக்குப் புலப்படாத. எடுத்துக்காட்டு: இத்தனை வருடம் ரஞ்சிதத்தின் உழைப்பு என் கண்ணுக்குப் புலப்படாமல் போனது.

இன்டிஸ்பென்சபிள்: இன்றியமையாத. எடுத்துக்காட்டு: இந்தப் புத்தகத்துக்கு ரஞ்சிதம் இன்றியமையாதவள்.

இர்ரிப்ளேசபிள்: ஈடு செய்ய முடியாத. எடுத்துக்காட்டு: பூமிநாதனுக்குப் பதில் வேறு ஆள் கிடைப்பான், ரஞ்சிதம் ஈடு செய்ய முடியாதவள்.

கடைசி வாக்கியத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. தாளை மேசையில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

மூன்றும் பிசகில்லாமல் அடித்து வந்தன. சந்தோஷத்தில் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன்.

இன்சஃபிஷியன்ட்: போதாத. எடுத்துக்காட்டு: மேடையில் விட்டதைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துச் சொன்னால் போதாது.

காலையில் சாப்பிடவில்லை. தட்டு வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

மணவாளனுக்குப் போன் செய்து உடனே ஒரு விழா வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“இன்னும் புத்தகமே வரலையே சார்.”

“போன புத்தகத்துக்கு இன்னொரு தடவை வைக்கலாமே.”

“உடம்பு சரியில்லையா சார்?” என்றார்.

இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. திருமங்கலத்தில் ஒரு மேடையும் ஒரு மைக்கும் வேண்டும். நேற்று தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத மாப்பிள்ளையை வாழ்த்துகிற சாக்கில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சட்டை இஸ்திரி போட்டிருக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

வழி கிடைத்தது. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பிள்ளையார் கோவில் பக்கத்து மைதானத்தில் பந்தல், மைக் எல்லாம் உண்டு. பொருள், பாதாளச் சாக்கடை. சங்கத் தலைவர் இஸ்மாயில் ராவுத்தர் வீட்டுக்குப் போய் எனக்கும் பேச இடம் கேட்டேன்.

“சாக்கடையைப் பத்தியா சார்? நீங்களா?” என்று அதிசயமாகப் பார்த்தார். “ரெண்டே நிமிஷம். போன தடவை கொடியேத்துன அன்னைக்கு நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மிட்டாய் உருகிருச்சு.”

ரஞ்சிதம் வருவாளா என்று கேட்டேன். சாக்கடை மனுவை அடித்துக் கொடுத்ததே அவள்தானாம். எட்டு மாதமாக நகராட்சிக்குப் போன மனுக்கள் எல்லாமே அவள் அடித்தவைதானாம். பிரதி கொண்டு வருவாள், ஊருக்குக் கிளம்புவது மதியம்தானே என்றார். எனக்கு இந்த மனு விஷயமே தெரியாது.

ஜூன் 28, வெள்ளி

மணவாளன் வந்து அச்செடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு போனார். நாளைப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால் கடைசியாக ஒருமுறை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. “எல்லாம் சரி பாத்தாச்சா சார்?” என்றார். ஆச்சு என்றேன்.

முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரஞ்சிதம், ஞானசிகாமணி’ என்று அடித்திருந்தாள். அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. பிழை எதுவும் இல்லை என்று கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஹாலில் பெட்டி தயாராக நிற்கிறது. நீல நிறப் பெட்டி, ஓரத்தில் ஸ்வெட்டர்க் கை வெளியே தெரிகிறது.

ஜூன் 29, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பந்தலில் அறுபது பேர் இருக்கும். ரஞ்சிதம் இரண்டாவது வரிசை. மடியில் கைப்பை, அதன்மேல் மனுவின் பிரதி. எனக்கு முன்னால் நாலு பேர் சாக்கடையைத் திட்டினார்கள். என்னைக் கூப்பிட்டதும் மேடையில் ஏறினேன். மனப்பாடம் செய்தது அத்தனையும் போய்விட்டது. ‘இறுதியாக ஒருவர்’ என்ற வார்த்தைகள் மட்டும் ஞாபகத்தில் நின்றன. அதிலேயே ஆரம்பித்தேன்.

“இறுதியாக ஒருவர்” என்றேன். இன்னும் முதலில் ஒருவரையே சொல்லவில்லையே என்று கூட்டம் பார்த்தது. “அவர் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. முப்பத்தொரு வருடமாக என் கையெழுத்தை வாசித்தவர். என் பிழையைத் திருத்திவிட்டுத் திருத்தினேன் என்று சொல்லாதவர். நான் மதுரை விழாவில் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவருக்குச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அவர் பெயர் ரஞ்சிதம். என் மனைவி.”

ரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கைப்பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

அதற்குள் இஸ்மாயில் ராவுத்தர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “சார் சொன்னது நூத்துக்கு நூறு. இந்தச் சாக்கடைக்காக எட்டு மாசமா யார் யாரோ பேசுனோம். ஒரு வார்த்தை பேசாம மனு மேல மனுவா அடிச்சுக் குடுத்தது நம்ம ரஞ்சிதம் அம்மாதான். அதை யாராச்சும் நெனச்சுப் பாத்தமா? புருஷன் சொல்லித்தான் தெரியணுமா?”

நான் சொன்னது சாக்கடையைப் பற்றி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. தலைவருக்கு வாங்கி வைத்திருந்த சால்வையை அவளுக்குப் போட்டார்கள். மூன்று மாதமாகக் காலியாக இருந்த செயலாளர் பதவிக்கு அவள் பெயரைச் சொன்னார்கள். அறுபது கையும் உயர்ந்தது. திங்கட்கிழமை நகராட்சிப் பொறியாளர் வருகிறார், செயலாளர்தான் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும் என்றார் ராவுத்தர்.

ரஞ்சிதம் மைக் முன்னால் போய் நின்றாள். அவள் மைக்கில் பேசி நான் கேட்டதே இல்லை. “திங்கட்கிழமை நான் இருப்பேன்” என்றாள். அவ்வளவுதான். பதினேழு நிமிடத்தில் நான் சொல்லாததை மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தோம். அவள் சால்வையோடு முன்னால், நான் மனுக் கட்டோடு பின்னால். கதவைத் திறந்தாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த டிக்கெட்டை எடுத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பெட்டியை நானே தூக்கி உள்ளே வைத்தேன். அவள் அடுக்களைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு நாள் கழித்து முதல் வார்த்தை.

“மூடி எங்க?”

“என்ன மூடி?”

“எங்கப்பா குடுத்த கேரியர் மூடி. என் பேரு வெட்டின மூடி. எந்த நாற்காலிக்கு அடியில போட்டீங்க? மண்டபத்துக்குப் போன் பண்ணீங்களா? ஒரு மாசமா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீதான் மூடிக்காக இல்லன்னு அடிச்சிருந்தியே.”

“அது அப்ப. இப்ப மூடிக்குத்தான்.”

மதியம் வரை திட்டினாள். சாப்பாடு போடும்போதும் திட்டினாள். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

மதுரைக்குப் போய் மண்டபத்தில் விசாரித்தேன். மூடி இல்லை. பொறியாளர் வந்து போனாராம். ரஞ்சிதம் அவரையும் மூன்று கேள்வி கேட்டுத் திணற வைத்தாளாம். முத்துப்பேச்சி சொன்னாள். இப்போது அவளிடம் செய்தி கொடுக்க யாருக்கும் அவசியமில்லை என்றாலும் அவளே நின்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஜூலை 17, புதன்

புத்தகம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றவில்லை. மூடி, பாயசம், பிரஷர் குக்கர், பூமிநாதன் எல்லோரும் அப்படியே அச்சில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கிறதாம்.

சாயங்காலம் சாத்தூரிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர் போன் செய்தார்.

“ஐயா, உங்க புத்தகத்தை எங்க பிள்ளைங்க கதை மாதிரி வாசிக்கிறாங்க. ஒரு சந்தேகம். அறுபதாம் பக்கம் வரைக்கும் மூடி வருது. அதுக்கப்புறம் வரவே இல்ல. கடைசியில அது கிடைச்சுதா இல்லையா?”

பதில் சொல்லும் முன் ரஞ்சிதம் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“கிடைக்கலைங்க. எப்படிக் கிடைக்கும்? இவர் தேடுன லட்சணம் அப்படி” என்று ஆரம்பித்தாள். கேரியர் வந்த கதை, அவள் அப்பா பேர் வெட்டின கடை, கல்யாணத்தன்று நான் வேட்டி நழுவவிட்டது என்று போய்க்கொண்டே இருந்தது. சாத்தூர் டீச்சரும் ஓயவில்லை. அவர் வீட்டிலும் ஏதோ தொலைந்திருக்க வேண்டும்.

நாற்பது நிமிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன்.